ஐபெக்ஸ் வரைபடத்தில் ஹீலியோஸ்பியரின் வால் ஏன் தெரியவில்லை?

2025 நவம்பர் 4, இரவு 8.15 (கேள்வி)

ஹீலியோஸ்பியர் என்பது சூரியக் காற்று விண்மீனிடை வெளியில் ஊதிய குமிழி. நாசாவின் ஐபெக்ஸ் விண்கலம் எடுத்த அதன் வரைபடங்களில், சூரியன் நகரும் திசையை மூக்குப் பக்கம், எதிர்த்திசையை வால் பக்கம் என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் நீளமாக வால் என்று எதுவும் தெரியவில்லை. சனிக்குப் போன காசினி கலத்தின் தரவை வைத்து, ஹீலியோஸ்பியர் உருண்டைதான், வாலே இல்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தெரியாத வாலை எதற்கு நம்ப வேண்டும்? வாயேஜர் கலங்கள் இரண்டும் எல்லையைத் தாண்டிய பிறகு, ஐபெக்ஸ் போல நடுநிலை அணுக்களை எண்ணி என்ன ஆகப்போகிறது?

2025 நவம்பர் 4, இரவு 9.40

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாயேஜர் 1 டெர்மினேஷன் ஷாக்கை (சூரியக் காற்று திடீரென வேகம் குறையும் எல்லை) 2004 டிசம்பரில் 94 வானியல் அலகு (ஓர் அலகு என்பது சூரியன்-பூமி தொலைவு) தொலைவில் கடந்தது. வாயேஜர் 2 அதை 2007 ஆகஸ்டில் 84-இல் கடந்தது. சூரியக் காற்று முடியும் வெளி எல்லையான ஹீலியோபாஸை முதலாவது 2012 ஆகஸ்டில் ஏறத்தாழ 122-இலும், இரண்டாவது 2018 நவம்பரில் 119-இலும் கடந்தன. இவை விலைமதிப்பற்ற எண்கள்தான். ஆனால் இரண்டு கோடுகளில் கிடைத்த எண்கள், அவ்விரண்டும் மூக்குப் பக்கத்துக் கோடுகள். வால் பக்க எல்லையில் எந்தக் கலமும் அளவெடுத்ததில்லை. அங்கே நமக்கு இருப்பது நடுநிலை அணுக்கள் மட்டுமே.

இனி முக்கியமானது. ஈஎன்ஏ வரைபடம் (ஆற்றல்மிகு நடுநிலை அணுக்களின் வரைபடம்) புகைப்படம் அல்ல. டெர்மினேஷன் ஷாக்குக்கும் ஹீலியோபாஸுக்கும் நடுவே உள்ள ஹீலியோஷீத்தில் சூடான புரோட்டான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விண்மீனிடை வெளியிலிருந்து மெதுவாக உள்ளே வரும் ஹைட்ரஜன் அணு ஒன்றை அந்தப் புரோட்டான் நெருங்கும்போது எலக்ட்ரான் கைமாறுகிறது. வேகமாகப் போன புரோட்டான் வேகம் குறையாமல் அணுவாகிறது. மின்னூட்டம் போய்விட்டதால் காந்தப்புலம் அதை வளைக்க முடியாது. அந்த நொடியில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில் நேர்கோட்டில் போகும். அவற்றில் மிகச் சிறு பங்கு நம் பக்கம் வருகிறது.

ஆகவே வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பார்வைக்கோட்டின் கூட்டுத்தொகை. 90 வானியல் அலகில் பிறந்ததும் 150-இல் பிறந்ததும் ஒரே கட்டத்தில் விழும். ஆழம் நேரடியாகத் தெரியாது. தெரியாத ஆழத்தை "இல்லை" என்று படிக்கக் கூடாது.

2025 நவம்பர் 4, இரவு 10.25

மேலே விட்டுப்போனது: காலமும் கலந்திருக்கிறது. ஹைட்ரஜனுக்கு வேகம் = 437 × √ஆற்றல். விடை விநாடிக்குக் கிலோமீட்டரில் வரும், ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (இனி கேஇவி) போட வேண்டும். ஆண்டுக்கு வானியல் அலகாக வேண்டுமென்றால் 92 × √ஆற்றல். 100 வானியல் அலகைக் கடக்க 0.1 கேஇவி அணுவுக்கு 3.4 ஆண்டு, 1.1 கேஇவிக்கு ஓர் ஆண்டு, 4.3 கேஇவிக்கு அரை ஆண்டு. ஒரே நாளில் கருவிக்குள் விழுந்த இரண்டு அணுக்கள் சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஒரே ஆண்டின் வெவ்வேறு ஆற்றல் வரைபடங்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறமாலை வரைகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

2025 நவம்பர் 5, காலை 7.05

எவ்வளவு அணு கிடைக்கும் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 1 கேஇவியில் மின்னூட்டப் பரிமாற்றக் குறுக்குவெட்டு (எலக்ட்ரான் கைமாறும் வாய்ப்பின் அளவு) 1.7×10⁻¹⁵ ச.செ.மீ. நடுநிலை ஹைட்ரஜன் ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.1. ஹீலியோஷீத்தின் தடிமன் மூக்குப் பக்கம் 30 வானியல் அலகு, அதாவது 4.5×10¹⁴ செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 0.077. அந்தக் கோட்டில் நம்மை நோக்கி வரும் புரோட்டான் பாயத்தில் (பாயம்: ஒரு பரப்பை விநாடிக்குக் கடக்கும் எண்ணிக்கை) எட்டு விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவான பங்குதான் ஈஎன்ஏ பாயமாக வெளியே வருகிறது. புரோட்டான் ஒன்று அணுவாக மாறுமுன் போகும் சராசரித் தொலைவு 390 வானியல் அலகு. பிறந்த அணு வழியில் மறுபடி மோதுவது இன்னும் அரிது. அதனால்தான் இது வேலை செய்கிறது: பிறப்பதற்குப் போதுமான அடர்த்தி உண்டு, ஆனால் வழியில் தொலைந்துபோகும் அளவுக்கு இல்லை.

ஆற்றல் கூடினால் குறுக்குவெட்டு சரிகிறது. 4 கேஇவியில் 1.2×10⁻¹⁵, 10-இல் 8.5×10⁻¹⁶, 50-இல் 1.1×10⁻¹⁶. 50 கேஇவி வரைபடத்தையும் 1 கேஇவி வரைபடத்தையும் ஒப்பிடும்போது இந்தப் பதினைந்து மடங்கு வித்தியாசத்தை வகுத்துவிட்டுத்தான் புரோட்டான்களைப் பற்றிப் பேச வேண்டும்.

2025 நவம்பர் 5, பிற்பகல் 1.10

"அப்படியானால் வால் இருந்தும் தெரியாமல் போகுமா?" என்ற கேள்விக்கு: ஆம். காரணம் தொலைவு அல்ல, சூடான புரோட்டான்கள் தீர்ந்துபோவது.

டெர்மினேஷன் ஷாக்கைத் தாண்டிய பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான சூரியக் காற்று) வால் பக்கம் ஓடுகிறது. விநாடிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஆண்டுக்கு 21 வானியல் அலகு. ஓடும் வழியெல்லாம் சூடான புரோட்டான்கள் ஒவ்வொன்றாக அணுவாகி வெளியேறுகின்றன. அவற்றின் இடத்தில் வந்து சேர்வது, பிளாஸ்மாவின் ஓட்டத்தால் பிடிபட்ட குறைந்த ஆற்றல் அயனி. 1 கேஇவி புரோட்டானின் ஆயுள் = 1 ÷ (அடர்த்தி × குறுக்குவெட்டு × வேகம்) = 1 ÷ (0.1 × 1.7×10⁻¹⁵ × 4.37×10⁷) = 1.35×10⁸ விநாடி. இது 4.3 ஆண்டு. அதற்குள் பிளாஸ்மா போயிருக்கும் தூரம் 90 வானியல் அலகு. இதைக் குளிர்வு நீளம் என்கிறோம். ஒவ்வொரு 90-க்கும் ஒளிர்வு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். இரண்டு மூன்று குளிர்வு நீளம் போனபின் வால் ஆயிரம் வானியல் அலகு நீண்டாலும், அடுத்த கட்டத்திலேயே முடிந்தாலும் வரைபடம் ஒரே மாதிரி இருக்கும். பனிமூட்டத்தில் நெடுஞ்சாலை விளக்குகளைப் பார்ப்பது போல: நான்காவது கம்பத்துக்கு மேல் தெரியவில்லை என்பது சாலை அங்கே முடிகிறது என்பதற்குச் சான்றல்ல.

காசினியின் இன்கா கருவி பார்த்தது 5.2 முதல் 55 கேஇவி. வால் பக்க ஒளிர்வும் மூக்குப் பக்க ஒளிர்வும் சூரியச் சுழற்சியோடு சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுத் தாமதத்தில் ஏறி இறங்கின. இரு பக்கமும் ஒரே தொலைவு, ஆகவே உருண்டை என்பது 2017-இல் வந்த வாதம். அளவீட்டில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. காசினி 2017 செப்டம்பர் வரை உழைத்துத் தந்த அரிய தரவு அது. ஆனால் மேலே உள்ள கணக்கை 10 கேஇவிக்குப் போடுங்கள்: ஆயுள் 2.7 ஆண்டு. எந்த நீளத்து வாலாக இருந்தாலும் அந்த ஆற்றலில் மூன்று ஆண்டுக்குள் பழைய புரோட்டான்கள் பெரும்பாலும் தீர்ந்து, புதியவற்றின் ஒளிர்வே மேலோங்கும். வேகமான மாற்றம் உருண்டையைக் காட்டவில்லை, குளிர்வைக் காட்டுகிறது. என் தரப்பு இதுதான்.

2025 நவம்பர் 5, இரவு 9.50 (கருவிப் பக்கத்திலிருந்து)

மின்னூட்டமே இல்லாத அணுவை எப்படி எண்ணுகிறார்கள் என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஐபெக்ஸில் இரண்டு கருவிகள். ஐபெக்ஸ்-ஹை 0.3 முதல் 6 கேஇவி வரை, ஐபெக்ஸ்-லோ 0.01 முதல் 2 கேஇவி வரை. இரண்டுக்கும் முன்னால் கோலிமேட்டர் (குறித்த திசையிலிருந்து வருவதை மட்டும் விடும் வடிகட்டி), பார்வை ஏறத்தாழ 7 பாகை. கோலிமேட்டர் பகுதியில் மின்னழுத்தம் கொடுத்து வெளியிலிருந்து வரும் அயனிகளையும் எலக்ட்ரான்களையும் தள்ளிவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் மிச்சமெல்லாம் வீண், ஏனென்றால் பக்கத்து விண்வெளியில் அயனிகள் ஈஎன்ஏவைவிடப் பல்லாயிரம் மடங்கு.

உள்ளே வந்த அணுவுக்கு மின்னூட்டம் கொடுக்க வேண்டும். ஹை கருவியில் சில நானோமீட்டர் தடிமனுள்ள கார்பன் ஃபாயில் வழியாக அணு போகிறது. ஒரு பங்கு எலக்ட்ரானை இழந்து நேர் அயனியாக வெளிவரும். குறைந்த ஆற்றல் அணு ஃபாயிலைக் கடக்காது, கடந்தாலும் திசை சிதறிவிடும். அதனால் லோ கருவியில் வழி வேறு: வைரத்தை ஒத்த கார்பன் பூசிய வழவழப்பான பரப்பில் அணு சறுக்கலாகப் பட்டுத் தெறிக்கிறது. சிறு பங்கு ஓர் எலக்ட்ரானைப் பிடித்து எதிர் அயனியாகிறது. பிறகு இரண்டிலும் மின்னிலை ஆற்றல் பகுப்பான்: வளைந்த தட்டுகளுக்கு நடுவே சரியான ஆற்றல் உள்ள அயனி மட்டும் வளைந்து போகும். புறஊதா ஒளி வளையாது, தட்டில் மோதி அடங்கும். ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா என்னும் புறஊதா ஒளி வானமெங்கும் நிறைந்திருப்பதால் இந்த வளைவு இல்லாமல் எதுவுமே நடக்காது.

கடைசியில் எண்ணிக்கை. ஹை கருவியில் வரிசையாக மூன்று அறைகள், நடுவே இரண்டு மெல்லிய ஃபாயில்கள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு சேனல் எலக்ட்ரான் பெருக்கி. அயனி கடந்துபோகும்போது ஃபாயிலிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் துடிப்பு தருகின்றன. மூன்றும் குறித்த நேர இடைவெளிக்குள், குறித்த வரிசையில் துடித்தால்தான் கணக்கில் சேரும். லோ கருவியில் இதற்குப் பதில் பறக்கும் நேர அளவீடு, அதனால் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கவும் முடியும். வானத்தின் ஒரு கட்டத்திலிருந்து நல்ல எண்ணிக்கை விநாடிக்கு ஒன்றுக்கும் மிகக் கீழே. காஸ்மிக் கதிர் ஒன்று தனியே ஓர் அறையைத் துடிக்கவைப்பது அதைவிட அடிக்கடி நடக்கும். மும்மை ஒருங்கமைவு இல்லாமல் வரைபடமே இல்லை.

2025 நவம்பர் 5, இரவு 10.15 (கருவிப் பக்கத்திலிருந்து)

ஒரு பின்குறிப்பு. ஹை கருவியின் மிகக் கீழ் ஆற்றல் படியை (ஈஎஸ்ஏ 1) பெரும்பாலான ஆய்வுகள் ஏன் விட்டுவிடுகின்றன என்றால், கருவிக்குள் தங்கிய வாயு அயனியாகி முடுக்கப்பட்டு அங்கே பொய் எண்ணிக்கையைச் சேர்க்கிறது. 2 முதல் 6 வரை வேலைக்கு எடுங்கள்: ஏறத்தாழ 0.7, 1.1, 1.7, 2.7, 4.3 கேஇவி.

2025 நவம்பர் 6, காலை 6.30

ரிப்பன் பற்றிக் கேட்கப்பட்டிருக்கிறது. வாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் அதைப் பிரிக்காமல் எந்தத் திசையிலும் ஹீலியோஷீத்தைப் பற்றிப் பேச முடியாது.

2009 அக்டோபரில் வெளியான முதல் வரைபடங்களில், ஏறத்தாழ 20 பாகை அகலத்தில் வானத்தைச் சுற்றி ரிப்பன் என்ற ஓர் ஒளிவளையம் இருந்தது. யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய மகிழ்ச்சி அது என்றே சொல்வேன். பார்வைக்கோடு விண்மீனிடைக் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும் இடங்களில் அது அமைகிறது. இன்று வலுவாக நிற்கும் விளக்கம் இரண்டாம்நிலை அணுக்கள்: சூரியக் காற்றுப் புரோட்டான் ஒன்று அணுவாகி வெளியே ஓடுகிறது. ஹீலியோபாஸைத் தாண்டி மறுபடி அயனியாகிக் காந்தப்புலத்தைச் சுற்றுகிறது. மூன்றாவது பரிமாற்றத்தில் அணுவாகும்போது திசை உள்நோக்கியிருந்தால் நம்மிடம் வருகிறது.

கணக்கு: ஹீலியோபாஸுக்கு வெளியே நடுநிலை அடர்த்தி 0.2 என்றால் அயனியாகக் காத்திருக்கும் நேரம் இரண்டு ஆண்டு. வெளியே போக ஒன்றரை, திரும்பி வர ஒன்றரை ஆண்டு சேர்த்தால் குறைந்தது ஐந்து. ஆகவே ரிப்பன் காட்டுவது அதைச் சுற்றியுள்ள வானம் காட்டுவதைவிடப் பழைய சூரியக் காற்றை. அந்த இரண்டு ஆண்டும் சுற்றும் வளையம் சிதறாமல் இருக்குமா என்பதில்தான் கோட்பாட்டாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். சிதறினாலும் அந்த அயனிகள் அந்த இடத்திலேயே அலைகளால் பிடித்துவைக்கப்படும் என்பது இன்னொரு கட்சி.

2025 நவம்பர் 6, காலை 11.20

நேற்றைய குளிர்வு நீளத்துக்கு ஒரு திருத்தவுரை. 0.1 என்ற அடர்த்தியை எங்கும் ஒரே மாதிரி என்று எடுத்திருக்கிறேன். புளூட்டோவைத் தாண்டிப்போன நியூ ஹொரைசன்ஸ் கலத்தின் ஸ்வாப் கருவி பிக்கப் அயனிகளை (அயனியாகிச் சூரியக் காற்றோடு சேர்ந்த விண்மீனிடை அணுக்கள்) அளந்து, மூக்குப் பக்க டெர்மினேஷன் ஷாக்கில் 0.127 என்ற மதிப்பைத் தந்தது 2020-இல். அதைப் போட்டால் 1 கேஇவியில் குளிர்வு நீளம் 90-இலிருந்து 71 ஆகிறது. வாதம் இன்னும் இறுகுகிறதே தவிரத் தளரவில்லை. பிளாஸ்மாவின் வேகம் வால் பக்கம் எவ்வளவு என்பதே பெரிய மாறி. 150 கி.மீ. என்று எடுத்தால் நீளம் ஒன்றரை மடங்கு.

2025 நவம்பர் 7, இரவு 8.40

"ஆழமே தெரியாதென்றால் முப்பரிமாண வரைபடம் எப்படி வந்தது?" நல்ல கேள்வி. எதிரொலி வைத்துத் தொலைவு அளக்கிறார்கள்.

2014 கடைசியில் பூமிக்கருகே சூரியக் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 50 விழுக்காடு எகிறி அப்படியே நின்றது. 2016 கடைசியில் 4.3 கேஇவி வரைபடத்தில் ஓரிடம் பளிச்சென்றது: மூக்கில் அல்ல, அதற்குத் தெற்கே. கூட்டிப் பாருங்கள்: 400 கி.மீ. வேகக் காற்று 90 வானியல் அலகு போக ஓர் ஆண்டுக்குச் சற்று மேல், அழுத்த அலை ஹீலியோஷீத்துக்குள் போய் ஹீலியோபாஸில் பட்டுத் திரும்ப அரை ஆண்டுக்குக் குறையாமல், அணு நம்மிடம் வர அரை ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒத்துவருகிறது. தெற்கே முதலில் ஒளிர்ந்ததால் ஹீலியோபாஸ் அங்கே மிக அருகில். வெளியே உள்ள காந்தப்புலம் சாய்வாக அழுத்துவதால் அப்படி.

இதே முறையை ஒவ்வொரு திசைக்கும் போட்டு 2021-இல் முழு வடிவமும் வந்தது. மூக்குப் பக்கம் 110 முதல் 120 வானியல் அலகு. வால் பக்கம் குறைந்தது 350. இந்தக் "குறைந்தது" என்ற சொல்லை விட்டுவிட்டு 350 மட்டும் எழுதுகிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. அது வாலின் நீளம் அல்ல, முறையின் எல்லை.

2025 நவம்பர் 8, காலை 10.00

தரவை எடுத்துத் தானே போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. ஐபெக்ஸ் தரவு வெளியீடுகள் பொதுவில் இருக்கின்றன, 6 பாகைக் கட்டங்களில், 30 × 60, மொத்தம் 1800 எண்கள். எந்த மடிக்கணினியும் தாங்கும்.

எந்தத் தொகுப்பு என்று முதலில் பாருங்கள். கலம் பூமியோடு சேர்ந்து விநாடிக்கு 30 கி.மீ. ஓடுகிறது. 1 கேஇவி அணுவை எதிர்கொண்டு பிடித்தால் ஆற்றல் 14 விழுக்காடு கூடித் தெரியும், துரத்தவிட்டுப் பிடித்தால் 13 குறையும். 0.1 கேஇவியில் இதே எண்கள் 48-ம் 39-ம். இதற்கான காம்ப்டன்-கெட்டிங் திருத்தம் செய்த கோப்பும் செய்யாத கோப்பும் தனித்தனியே உண்டு. அதேபோல உயிர்ப்பு நிகழ்தகவு, அதாவது சூரியனுக்கருகே வரும் வழியில் அயனியாகிக் காணாமல்போன அணுக்களுக்கான திருத்தம். திருத்திய கோப்பை எடுத்து மறுபடி திருத்துவது அடிக்கடி நடக்கிறது. கோப்பின் தலைப்பைப் படியுங்கள்.

பார்வை நேரம் சுழியாக உள்ள கட்டத்தில் பாயமும் சுழி என்று எழுதியிருக்கும். அது "இருட்டு" அல்ல, "பார்க்கவில்லை". பூமியின் காந்தமண்டலம், நிலா, சூரியத் துகள் வெடிப்பு ஆகியவை பார்வைக்குள் வந்த நேரங்களை வெட்டியெறிந்ததால் வந்த ஓட்டைகள். சராசரிக்கு முன் அவற்றை மறையுங்கள்.

பல ஆண்டுகளைச் சேர்க்கும்போது மாறுபாட்டின் தலைகீழை எடையாகப் போடாதீர்கள். எண்ணிக்கை குறைவாக விழுந்த கட்டத்துக்கு மாறுபாடும் குறைவாகவே வரும். ஆகவே தற்செயலாகக் குறைந்ததற்கு அதிக எடை போய், சராசரி கீழே சாயும். பார்வை நேரத்தை எடையாகப் போடுங்கள்.

ரிப்பனைப் பிரிக்க, மையத்தை நீள்வட்டத்தள ஆயத்தில் நெடுக்கை 219.2, அகலாங்கு 39.9 என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் (நெடுக்கை λ, அகலாங்கு β) மையத்திலிருந்து உள்ள கோணம் θ-வைக் காணுங்கள்: கோசைன் θ = சைன் β · சைன் 39.9 + கோசைன் β · கோசைன் 39.9 · கோசைன் (λ − 219.2). ரிப்பன் 75 பாகையருகே வரும். அங்கே ஒரு காஸியனும் (மணி வடிவ வளைவு) அடியில் மென்மையான பல்லுறுப்புக் கோவையும் பொருத்துங்கள். சரிபார்க்க ஒரு வழி: மூக்கின் திசையான 255.7, 5.1 இந்தச் சூத்திரத்தில் 48 பாகை தர வேண்டும். தரவில்லையென்றால் பாகையை ரேடியனாக மாற்றாமல் விட்டிருப்பீர்கள்.

2025 நவம்பர் 8, பிற்பகல் 3.30

நிலா பார்வைக்குள் வந்த நேரங்களை ஏன் வெட்ட வேண்டும் என்றால், சூரியக் காற்றுப் புரோட்டான்களில் ஒரு பங்கு நிலா மண்ணில் பட்டு ஹைட்ரஜன் அணுவாகவே தெறிக்கிறது. ஐபெக்ஸ் 2008 அக்டோபர் 19 அன்று புறப்பட்டது. மூன்று நாள் கழித்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன சந்திரயான்-1 இதையே நிலாவைச் சுற்றியபடி அளந்தது. சுவீடனின் விண்வெளி இயற்பியல் நிறுவனமும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையமும் சேர்ந்து செய்த சாரா கருவி அது. தெறிப்பு 16 முதல் 20 விழுக்காடு என்று 2009-இல் வந்தது. மண் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்றே அதுவரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊடகங்கள் நிலாவின் நீரைப் பற்றி எழுதிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதவில்லை.

2025 நவம்பர் 9, காலை 8.15

வில் அதிர்ச்சி (ஹீலியோஸ்பியருக்கு முன்னால் விண்மீனிடை வாயுவில் எழும் அதிர்ச்சி அலை) "இல்லை" என்று 2012-இல் வந்ததை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். அதோடு 2015-இல் வந்த முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விண்மீனிடை ஹீலியம் அணுக்களின் பாய்ச்சலை லோ கருவியால் அளந்து 2012-இல் விநாடிக்கு 23.2 கி.மீ. என்றார்கள், அந்த வேகம் அதிர்ச்சி எழப் போதாது என்பதே வாதம். அதற்கு முன் யூலிசிஸ் கலம் சொன்னது 26.3. 2015-இல் ஐபெக்ஸின் மதிப்பும் ஏறத்தாழ 25.4-க்கு வந்தது, வெப்பம் 7500 கெல்வின். அளவீட்டில் பிழை என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. ஒரு பாகை நெடுக்கை மாறினால் வேகமும் வெப்பமும் சேர்ந்து மாறி அதே எண்ணிக்கையைத் தரும். அளவுகள் ஒரு குழாய் வடிவத்தில் பின்னிக் கிடக்கின்றன. குழாயின் குறுக்கே துல்லியம் அதிகம், நெடுகில் குறைவு. வெவ்வேறு கோணத்தில் பார்க்காமல் இது அவிழாது.

2025 நவம்பர் 9, இரவு 9.05

அந்தக் கோணத்துக்காகத்தான் நாசாவின் புதிய கலமான ஐமேப். 2025 செப்டம்பர் 24 அன்று கென்னடி மையத்திலிருந்து எல்1 (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள ஈர்ப்புச் சமநிலைப் புள்ளி) நோக்கிப் புறப்பட்டது. பத்துக் கருவிகள், மூன்று ஈஎன்ஏவுக்கு. ஐமேப்-லோ திரும்பக்கூடிய மேடைமேல் இருக்கிறது. ஆகவே விண்மீனிடைப் பாய்ச்சலை ஆண்டின் சில வாரங்களுக்குப் பதில் பெரும்பகுதி தொடரலாம், குழாயை நெடுகில் வெட்டலாம். ஹை, அல்ட்ரா இரண்டும் இரண்டிரண்டு தலைகள்: ஒன்று சுழல் அச்சுக்கு 90 பாகையில், மற்றது 45-இல். அல்ட்ராவின் எல்லை 3 முதல் 300 கேஇவி, அதனால் ஐபெக்ஸும் இன்காவும் தனித்தனியே பார்த்ததை ஒரே கலம் ஒரே நேரத்தில் பார்க்கும். போலந்து செய்த குளோஸ் கருவி லைமன்-ஆல்ஃபா ஒளிர்வை அளந்து உயிர்ப்புத் திருத்தத்துக்கு வேண்டிய அகலாங்குவாரிச் சூரியக் காற்றைத் தரும். இதுவரை அந்தத் திருத்தத்தில் மாதிரிக் கணிப்பின் பங்கு அதிகம்.

வால் கேள்விக்கு நான் எதிர்பார்ப்பது 50 கேஇவிக்கு மேலான அல்ட்ரா வரைபடங்களை. காரணம் மேலே உள்ள அதே கணக்கு: 50 கேஇவி புரோட்டானின் ஆயுள் 9 ஆண்டு, 100 கி.மீ. வேகத்தில் 190 வானியல் அலகுக்கு மேல். 1 கேஇவியைவிட இருமடங்கு ஆழம். ஆனால் பாயம் மிக மெலிது, ஆண்டுக்கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது பூமிக்கருகே முடுக்கப்பட்ட அயனிகள் கசிந்த நாட்களை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அவையும் இதே ஆற்றலில்தான் இருக்கும். முதல் ஆறு மாத வரைபடம் வெளிவந்ததும் வால் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். 5 கேஇவியில் ஐபெக்ஸின் பழைய மதிப்போடு ஐமேப்-ஹையும் அல்ட்ராவும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள்.